‘மலபார்’ அரபிகள் வைத்த பெயர் அல்ல

கொச்சியில் காக்கநாட்டிலிருந்து மட்டாஞ்சேரிக்குப் போகும் வழியில் ‘மலபார்’ என்று எழுதிய பலகைகளை எண்ணத் தொடங்கினால் பாதி வழியிலேயே கணக்குத் தப்பிவிடும். நகைக்கடை, பிரியாணிக் கடை, மசாலாப் பொட்டலம், மிளகுக் கிடங்கு, தங்கும் விடுதி என்று எங்கும் அந்தச் சொல்தான். இத்தனை புழக்கமுள்ள சொல்லுக்குப் பொருள் கேட்டால் பெரும்பாலும் ஒரே விடை வருகிறது: ‘மலை’ நம்முடையது, ‘பார்’ அரபிகளுடையது, அரபியில் ‘பர்ர்’ என்றால் நிலம், ஆகவே மலபார் அரபிகள் நமக்குச் சூட்டிய பெயர். சுற்றுலா வழிகாட்டிகள் இப்படிச் சொல்கிறார்கள், மேடைப் பேச்சாளர்கள் சொல்கிறார்கள், பிள்ளைகளும் கட்டுரைப் போட்டியில் இப்படியே எழுதுகிறார்கள். சான்று எங்கே என்று கேட்டால், “பழைய அரபு அகராதிகளிலேயே இருக்கிறதே” என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

அந்தப் பதிலைத்தான் இங்கே மறுக்கிறேன். அரபு அகராதியில் இந்தப் பெயர் இருப்பது உண்மை. அதனால் அது அரபுச் சொல் ஆகிவிடாது. மலபார் என்ற பெயரின் முன்பாதி நம் மொழி, பின்பாதி பாரசீகம். அரபு அதை எழுதி வைத்தது, உலகெங்கும் கொண்டுபோனது. எழுதி வைத்தவரையே பெயர் வைத்தவர் என்று கொண்டதால், இந்தக் கரையின் வரலாற்றில் முந்நூறு நானூறு ஆண்டுக்காலப் பாரசீகத் தொடர்பு நம் கண்ணுக்குத் தெரியாமல் போய்விட்டது.

முதலில் அந்த அகராதியையே திறந்து பார்ப்போம். ஊர்ப் பெயர்களை அகர வரிசையில் தொகுத்த அரபு நூல்களில் மிகப் பெரியது ‘முஅஜமுல் புல்தான்’. தொகுத்தவர் 1229இல் இறந்த யாகூத் அல்-ஹமவி. ‘மலீபார்’ என்ற தலைப்பில், பல நகரங்கள் அடங்கிய பெரிய நாடு அது என்றும், உலகம் முழுவதற்கும் அங்கிருந்தே மிளகு போகிறது என்றும் எழுதுகிறார். ஃபாக்னூர், மன்ஜரூர் என்ற ஊர்களையும் குறிக்கிறார். அவை இன்றைய பார்க்கூரும் மங்களூரும். கொச்சியை அவர் சொல்லவில்லை. பெரியாற்று வெள்ளம் 1341இல் கொச்சி அழிமுகத்தைத் திறந்துவிட்ட பிறகுதான் இந்தத் துறைமுகம் தலையெடுத்தது.

யாகூத் பிறப்பால் அரபி இல்லை. பைசாந்திய நாட்டில் பிறந்து, அடிமையாக பாக்தாதுக்கு வந்தவர். வாங்கிய எசமானர் ஒரு வணிகர். கணக்கு எழுதவும் சரக்கு விற்கவும் அவரைப் பாரசீக வளைகுடாவிலுள்ள கிஷ் தீவுக்கு அனுப்பினார். இந்தியக் கப்பல்கள் வந்து போன தீவு அது. மலபாரின் பெயர் அவர் காதில் விழுந்திருக்கக்கூடிய இடங்களில் கிஷ் துறையும் ஒன்று என்பதை மறந்துவிடக்கூடாது.

அகராதியில் இருந்தாலே அரபுதான் என்று யாகூத்தே நினைத்ததில்லை. பாக்தாது என்ற பெயருக்கு அவர் திரட்டித் தரும் விளக்கங்களைப் பாருங்கள். ‘பாக்’ என்றால் தோட்டம் என்றும், இல்லை, அது ஒரு தெய்வத்தின் பெயர் என்றும், ‘தாத்’ என்றால் கொடை என்றும், எல்லாமே பாரசீகத்திலிருந்து வருகின்றன. சிலைத் தெய்வத்தின் பெயர் கலந்திருக்கிறதே என்று அந்தப் பெயரைச் சொல்லவே தயங்கிய அறிஞர்களும் இருந்தார்கள். கலீபா மன்சூர் 762இல் அங்கே தலைநகர் கட்டியபோது ‘மதீனத்துஸ் ஸலாம்’, அமைதியின் நகரம், என்று அரபிப் பெயரிட்டார். ஊர் வாயில் நின்றது பழைய பாரசீகப் பெயர்தான். அரபு உலகின் நடுநாயகமான நகருக்கே பாரசீகப் பெயர் என்பதை அரபு அகராதி மறைக்கவில்லை, தலைப்பிலேயே எழுதி வைத்தது. 12ஆம் நூற்றாண்டில் ஜவாலீகி, அரபுக்குள் வந்த அயற்சொற்களுக்கென்றே ‘அல்-முஅர்ரப்’ என்ற தனி நூலைத் தொகுத்தார். அவர்கள் காட்டிய இந்த நேர்மையை, அவர்கள் நூலைச் சான்று காட்டும் நாம் காட்ட வேண்டாமா?

அந்த அகராதிகளை உருவாக்கியவர்கள் யார் என்பதும் இந்த வழக்குக்குத் தேவை. அரபு இலக்கணத்தின் மூல நூலை எழுதிய ஸீபவைஹி பாரசீகர். பாரசீகச் சொற்கள் அரபாகும்போது எந்த ஒலி எதுவாகத் திரியும் என்று அந்த நூலிலேயே விதி வகுத்தவர். ‘காமூஸ்’ என்ற பெயரே அகராதிக்குப் பொதுப்பெயர் ஆகும் அளவுக்குப் புகழ்பெற்ற நூலைத் தந்த ஃபிரூஸாபாதி, பாரசீகத்தின் ஃபார்ஸ் பகுதிக்காரர். இன்னோர் அகராதிக்காரரான ஸகானி 1181இல் லாகூரில் பிறந்தவர். அரபு அகராதிகளிலேயே பெரியவற்றுள் ஒன்றான ‘தாஜுல் அரூஸ்’ நூலைத் தொகுத்த முர்தளா அஸ்-ஸபீதி 1732இல் இன்றைய உத்தரப் பிரதேசத்தின் பில்கிராமில் பிறந்தவர். அரபு அகராதி பல நாட்டார் கூடிக் கட்டிய வீடு. அதன் ஒவ்வோர் அறையிலும் இருப்பது அரபிகளின் சொந்தப் பொருள் என்று சொன்னால், கட்டியவர்களே ஒப்பமாட்டார்கள்.

இனி ‘பர்ர்’ வாதத்துக்கு வருவோம். அது இரண்டு இடங்களில் உடைகிறது. முதலாவது ஒலி. நிலம் என்று பொருள்படும் அரபுச் சொல் ‘பர்ர்’. அதில் உயிர் குறில். இறுதியில் ‘ர’ இரட்டிக்கிறது. மலீபார் என்ற எழுத்திலோ ‘பார்’ நெடில்; ‘ர’ ஒற்றை. நடுவே நீண்ட ஆகாரத்துக்குரிய அலிஃப் தெளிவாக நிற்கிறது. பல்லையும் பாலையும் ஒன்று என்று நாம் சொல்வோமா? குறிலும் நெடிலும் பொருளை மாற்றும் என்பது தமிழருக்குப் புதிதல்ல. அரபியிலும் அப்படித்தான். தங்கள் அன்றாடச் சொல் ஒன்றை அரபி எழுத்தர்கள் இப்படிப் பிழையாக எழுதிவந்தார்கள் என்றால் நம்பமுடியவில்லை.

இரண்டாவது சொல் அடுக்கு. அரபியில் ‘நாடு’ என்ற சொல் முன்னால் வரும், எந்த நாடு என்பது பின்னால் வரும். சிரியா ‘பிலாதுஷ் ஷாம்’, இந்தியா ‘பிலாதுல் ஹிந்த்’. அரபிகள் ‘பர்ர்’ சேர்த்துப் பெயரிட்ட இடங்களிலும் ‘பர்ருல் அஜம்’ என்று ‘பர்ர்’ முதலில்தான் நிற்கிறது. அந்த முறைப்படி நம் கரைக்கு ‘பர்ரு மலை’ என்ற மாதிரி ஒரு பெயர் கிடைத்திருக்க வேண்டும். ‘பார்’ கடைசியில் வந்து ஒட்டுவது அரபு முறை இல்லை. அது பாரசீக முறை.

பாரசீகத்தில் ‘பார்’ என்ற பின்னொட்டு கரையையும் கரையோர நாட்டையும் குறிக்கும். ‘ரூத்’ ஆறு, ‘ரூத்பார்’ ஆற்றங்கரை. ‘தர்யா’ கடல், ‘தர்யாபார்’ கடற்கரை. ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையில் ‘ஸங்கிகள்’ என்று பாரசீகர் அழைத்த கறுப்பின மக்களின் நாடு ‘ஸங்க்பார்’. பாரசீகத்தின் ‘க’ அரபு வாயில் ‘ஜ’ ஆகும் வழக்கப்படி அது ‘ஸன்ஜிபார்’ ஆனது. இன்று நாம் சான்சிபார் என்று சொல்லும் தீவு அதுதான். இந்தியக் கரைக்கு ‘ஹிந்துபார்’ என்ற வழக்கும் பாரசீகத்தில் உண்டு. ஒரே கடலில், ஒரே பருவக்காற்றில் ஓடிய மாலுமிகள் மேற்கே ஒரு கரைக்கு ஸங்க்பார் என்றும் கிழக்கே ஒரு கரைக்கு மலீபார் என்றும் பெயரிட்டார்கள். மலபாரை மட்டும் தனியே எடுத்து ‘பர்ர்’ என்று விளக்குகிறவர், சான்சிபாருக்கும் ரூத்பாருக்கும் என்ன விடை வைத்திருக்கிறார்?

காலவரிசையும் இதற்கே துணை நிற்கிறது. 6ஆம் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதிய காஸ்மாஸ், மிளகு விளையும் நாட்டை வெறும் ‘மாலே’ என்கிறார். அரபு மொழியில் 851இல் எழுதப்பட்ட சீன-இந்தியச் செய்தித் தொகுப்பு, கொல்லத்தை ‘கூலம் மலீ’ என்கிறது. ‘பார்’ அங்கும் இல்லை. சிசிலியில் இருந்துகொண்டு 1154இல் தன் நிலவியல் நூலை முடித்த இத்ரீசியிடம் ‘மனீபார்’ வந்துவிடுகிறது. பிறகு யாகூத்திடம் ‘மலீபார்’. ஆக, 9ஆம் நூற்றாண்டுக்கும் 12ஆம் நூற்றாண்டுக்கும் இடையே அந்த வால் வந்து எழுத்தில் நிலைத்திருக்கிறது. அக்காலத்தில் இந்தக் கரையில் பேரம் பேசிய மொழி எது?

அதற்கு விடை செப்பேட்டில் இருக்கிறது. வேணாட்டு அய்யனடிகள் 849இல் கொல்லத்துத் தரிசாப்பள்ளி என்ற தேவாலயத்துக்கு வழங்கிய செப்பேடுகள் இன்று கோட்டயத்திலும் திருவல்லையிலும் காக்கப்படுகின்றன. அவற்றின் கடைசி ஏட்டில் வெளிநாட்டுச் சாட்சிகள் தங்கள் கைப்பட ஒப்பமிட்டிருக்கிறார்கள். கூஃபி எழுத்தில் அரபு மொழியில் 11 பேர். பஹ்லவி எழுத்தில் நடுக்காலப் பாரசீக மொழியில் 10 பேர். எபிரேய எழுத்தில், ஆனால் பாரசீக மொழியில், 4 யூதர்கள். மொத்தம் 25 பேரில் 14 பேரின் மொழி பாரசீகம். ‘தரிசா’ என்ற சொல்லையே, கிறிஸ்தவரைக் குறிக்கும் ‘தர்ஸா’ என்ற பாரசீகச் சொல்லோடு அறிஞர்கள் இணைக்கிறார்கள். வட்டெழுத்தில் வெட்டிய செப்பேட்டில் ஒரு பள்ளியின் பெயராகவே பாரசீகம் வந்து உட்கார்ந்திருக்கிறது என்றால், கரையின் பெயரில் அது வந்தது என்ன வியப்பு?

அந்தப் பாரசீகம் ஒரே மதத்தாரின் மொழியாக மட்டும் இருக்கவில்லை. சென்னை பரங்கிமலையிலும் கோட்டயம் வலியபள்ளியிலும் உள்ள கற்சிலுவைகளைச் சுற்றி ஓடும் எழுத்து பஹ்லவி. யூதர் பாரசீகத்தில் கையெழுத்திட்டார்கள், கிறிஸ்தவர்கள் பாரசீகத்தில் கல் வெட்டினார்கள். முஸ்லிம்கள்? தொழுகை அழைப்புக்கு அரபுச் சொல் ‘அதான்’. மட்டாஞ்சேரியிலும் காயல்பட்டினத்திலும் மக்கள் சொல்வது ‘பாங்கு’. அது பாரசீகம். கப்பல் தலைவன் ‘நாகுதா’, அதுவும் பாரசீகம். கோழிக்கோட்டின் பழைய பள்ளிவாசல் மித்கால் என்ற நாகுதாவின் பெயரால் வழங்குகிறது. மட்டாஞ்சேரியில் இஞ்சியும் மிளகும் மணக்கும் தெருவை ‘பஜார் ரோடு’ என்கிறோம். அந்த பஜாரும் பாரசீகம்தான். அரபுக்கு ஆழ்ந்த மதிப்புத் தரும் மக்களின் நாவிலேயே பாரசீகம் இவ்வளவு புழங்குகிறது. கடல் கடந்து வந்ததெல்லாம் அரபு என்று இனியும் எப்படிச் சொல்வது?

இங்கே இரண்டு எதிர்வாதங்கள் எழும். இரண்டுக்கும் விடை சொல்வது என் கடமை.

ஒன்று, பாரசீகர் வைத்த பெயர் என்றால் அக்காலப் பாரசீக மொழி நூல் ஒன்றைக் காட்டுங்கள் என்பது. இந்தக் கேள்வி அக்கால எழுத்துலகை அறியாமல் எழுவது. அந்த நூற்றாண்டுகளில் பாரசீகர்கள் அறிவு நூல்களைப் பெரும்பாலும் அரபியிலேயே எழுதினார்கள், நம் நாட்டில் பல மொழிக்காரர்கள் சமஸ்கிருதத்தில் எழுதியது போல. இந்தியக் கடலின் விந்தைக் கதைகளைத் தொகுத்த புஸுர்க் பின் ஷஹ்ரியார் பாரசீக மாலுமி, நூல் அரபு. அந்த 851ஆம் ஆண்டுத் தொகுப்புக்குப் பின்னர் தொடர்ச்சி எழுதிய அபூ ஸைத், பாரசீகக் கரையின் சீராஃப் துறைமுகத்துக்காரர், நூல் அரபு. எழுதிய மொழியைப் பார்த்துப் பேசிய வாயை முடிவு செய்யமுடியாது.

இரண்டாவது எதிர்வாதம் நம் பக்கத்திலிருந்து வருகிறது. மலபார் முழுக்க நம் சொல்லே, ‘மலைவாரம்’ என்பதுதான் திரிந்தது என்பார்கள். அடிவாரம், தாழ்வாரம் என்று சொல்லும் தமிழ்க் காதுக்கு இது இனிக்கும். எனக்கும் ஒரு காலத்தில் இனித்தது. வகரம் பகரமாவதற்கு வழியில்லை என்று இதை எளிதில் தள்ளவும் முடியாது. வல்லபராயனை ‘பல்ஹரா’ என்று எழுதியவர்கள்தான் அரபிகள். தடை வேறு இடத்தில் இருக்கிறது. கல்வெட்டுகள் இந்தப் பகுதியை மலைநாடு என்கின்றன, மலைமண்டலம் என்கின்றன, சேரநாடு என்கின்றன. நாட்டுப் பெயராக ‘மலைவாரம்’ நிற்கக் காணோம். உள்ளூர்ப் பெயர் அதுவாக இருந்தால் காஸ்மாஸும் 851ஆம் ஆண்டு நூலும் பின்பாதியை ஏன் விட்டார்கள்? நம் மலையும் நம் வாரமும் இல்லாத ஆப்பிரிக்கக் கரையில் அதே ‘பார்’ எப்படி ஒட்டியது? ‘பார்’ என்றால் தமிழில் உலகம்தானே என்போருக்கும் இதே கேள்விதான்.

ஒலி ஒத்தால் உறவு என்று கொள்வது எந்தத் திசையிலும் ஆபத்து. பஸ்ரா என்ற நகரின் பெயரை ‘பஸ் ராஹ்’, பல வழிகள், என்ற பாரசீகத் தொடராகப் பிரித்த விளக்கத்தையும் யாகூத் பதிந்திருக்கிறார். ஆனால் ‘பஸ்ரா’ என்பது வெண்மையான மென்கல் நிலத்தைக் குறிக்கும் அரபுச் சொல் என்று அகராதிக்காரர்கள் தெளிவாகச் சொல்கிறார்கள். அங்கே நான் அரபின் பக்கமே நிற்பேன். பதிற்றுப்பத்தில் கொடுமணத்தோடு பேசப்படும் ‘பந்தர்’ என்ற ஊரை, துறைமுகத்தைக் குறிக்கும் பாரசீக ‘பந்தர்’ என்று அவசரமாக முடிச்சுப் போடுவோரையும் நான் ஏற்பதில்லை. பந்தல் தமிழில் பந்தர் என்றும் வரும். பாரசீகத்துக்காக வழக்காட வந்ததால் எல்லாவற்றையும் பாரசீகம் ஆக்கவேண்டிய தேவை எனக்கு இல்லை. மலபாரில் ஒலியும், சொல் அடுக்கும், காலமும், செப்பேடும், ஸங்க்பார் போன்ற இணைப் பெயர்களும் ஒரே திசையைக் காட்டுகின்றன. அதனால்தான் இவ்வளவு உறுதியோடு பேசுகிறேன்.

அரபிகள் உண்மையிலேயே வைத்த பெயர் வேண்டுமா? அதுவும் நமக்கு இருக்கிறது, மலைக்குக் கிழக்கே. தமிழகத்தின் கீழைக் கரையை அரபிகள் ‘மஅபர்’ என்றார்கள். ‘அபர’ என்றால் கடந்தான். இடத்தைக் குறிக்கும் ‘ம’ முன்னால் சேர்ந்து ‘கடக்கும் துறை’ ஆயிற்று. தொழுது பணியும் இடம் மஸ்ஜித், பாடம் சொல்லும் இடம் மதரசா என்பது போன்ற அதே அமைப்பு. மார்க்கோ போலோ எழுதியது இந்தப் பெயர். 1335இல் மதுரையில் தோன்றிய சுல்தான் ஆட்சியும் மஅபர் பெயரால்தான் அறியப்பட்டது. மஅபர் தன் வேரையும் வார்ப்பையும் அரபு இலக்கணத்துக்குள்ளேயே காட்டுகிறது. மலீபார் அப்படி எதையும் காட்டுவதில்லை.

இந்த இரண்டு பெயர்களும் ஒரே மனிதரின் பெயரில் சேர்ந்து நிற்பதைக் கொச்சியிலேயே பார்க்கலாம். 1467இல் கொச்சியில் பிறந்து பொன்னானியில் அடங்கியிருக்கும் மூத்த ஜைனுத்தீன் மக்தூமின் முன்னோர் தமிழ்க் கரையிலிருந்து வந்தவர்கள். அதனால் அவர் ‘அல்-மஅபரி’. வாழ்ந்த மண்ணால் ‘அல்-மலீபாரி’. ஒரே பெயரில் அரபு வார்த்த ஊர்ப்பெயர் ஒன்றும், நம் மலையும் பாரசீகக் கரையும் இணைந்த ஊர்ப்பெயர் ஒன்றும் பக்கத்தில் பக்கத்தில் வருகின்றன. அவரைப் போன்றவர்களின் வாழ்க்கையைப் புரிந்துகொள்ள இரண்டையும் பிரித்தறியத் தெரிய வேண்டும்.

இது சொல்லாராய்ச்சிக்காரர்களின் சண்டை, நமக்கு என்ன என்று தமிழ் வாசகர் ஒதுங்கக்கூடாது. அந்தப் பெயரை நாமும் நெடுங்காலம் சுமந்தோம். 1578இல் கொல்லத்தில் அச்சான தமிழ்நூல் ‘தம்பிரான் வணக்கம்’ தன் மொழியை ‘மலபார்’ என்ற பெயரோடு சேர்த்தே குறித்தது. தரங்கம்பாடியில் சீகன்பால்கு கற்றதும் ஐரோப்பியர் பேச்சில் ‘மலபார் மொழி’தான். இலங்கைத் தமிழரை டச்சுக்காரர்களும் ஆங்கிலேயர்களும் ‘மலபார்கள்’ என்றே எழுதினார்கள். 1815ஆம் ஆண்டின் கண்டி ஒப்பந்தத்திலும் அந்தச் சொல் இருக்கிறது. நம்மை அழைத்த ஒரு சொல்லின் பிறப்பைத் தவறாகச் சொல்லிக்கொடுக்க நாம் ஏன் விடவேண்டும்?

வில்லியம் லோகன் தன் ‘மலபார் மேனுவல்’ நூலில் 1887இல் அரபு ‘பர்ர்’, பாரசீக ‘பார்’ என்ற இரண்டு வழிகளையும் குறித்திருந்தார். ஒன்றை மட்டும் எடுத்து, மற்றதை வழியிலேயே கைவிட்டது நாம்தான். கைவிட்டதோடு செப்பேட்டின் 14 கையெழுத்துகளையும், பரங்கிமலைச் சிலுவையின் எழுத்தையும், சீராஃபிலிருந்து வந்த நாகுதாக்களையும் மறந்தோம். அரபிகளின் பங்கைப் பெருமையாகப் பேசுவோர் இப்படிச் செய்கிறார்கள். ‘மலபார் அந்நியப் பெயர், அழித்துவிடு’ என்று கொதிப்போரும் இதே தவறான விளக்கத்தைத்தான் கையில் எடுக்கிறார்கள். மலைநாடு என்ற நம் பெயரின் முன்பாதியைக் காதில் வாங்கி, ‘நாடு’ இருந்த இடத்தில் தங்கள் ‘பார்’ என்ற சொல்லைப் பூட்டினார்கள் பாரசீகக் கடலோடிகள் என்று கொள்வதே எல்லாச் சான்றுகளுக்கும் பொருந்துகிறது. நம் சொல் அழியாமல் முன்னால் நிற்கும் பெயரை அந்நியம் என்று எப்படி அழிப்பது?

மட்டாஞ்சேரிக் கிடங்கில் அடுக்கியிருக்கும் மிளகு மூட்டையில் கொச்சி என்று முத்திரை குத்தியிருக்கும். மிளகு விளைந்தது இடுக்கி மலையில் என்பது சுமப்பவருக்கும் விற்பவருக்கும் தெரியும். முத்திரையைப் பார்த்து யாரும் ஏமாறுவதில்லை. அந்த மூட்டைக்குக் காட்டும் அறிவை அந்த மண்ணின் பெயருக்கும் காட்டுவோம். நாளை இந்தத் தெருவில் யாராவது மலபாருக்குப் பொருள் கேட்டால், மலை நம் சொல், பார் பாரசீகச் சொல், அரபு அதை எழுதிக் காத்த மொழி என்று மூன்றையும் சொல்வோம். மூன்று பேருக்கும் அவரவர் பங்கு சேர்ந்துவிடும்.